முட்புதர்க் காட்டில் ஓரியன்டீரிங் பந்தயம்: பதிவு மேசை முதல் டவுன்லோடு வரை

தென்கிழக்கு இங்கிலாந்தின் காடுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எப்பிங் காடு, சர்ரே குன்றுகள், ஆஷ்டவுன் காடு போன்ற இடங்களில் உள்ளூர் கிளப்புகள் ஓரியன்டீரிங் பந்தயம் நடத்துகின்றன. கையில் வரைபடமும் காம்பஸும். காட்டுக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமான சதுரத் துணிக்கூடுகள். அவற்றுக்குக் கன்ட்ரோல் என்று பெயர். சொன்ன வரிசையில் எல்லாக் கன்ட்ரோலையும் தொட்டுவிட்டுக் குறைந்த நேரத்தில் திரும்ப வேண்டும்.

பூங்காப் பந்தயங்களில் நன்றாக ஓடியவர்கள்கூட முதல் காட்டுப் பந்தயத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஓட்டம் குறையவில்லை. எங்கே புதருக்குள் நுழைவது, எங்கே சுற்றிப் போவது என்ற முடிவை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. புதர் மண்டிய காட்டில் நேரத்தைத் தீர்மானிப்பது அந்த முடிவுதான். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே இப்படி அமைந்திருக்கிறது.

1. மாதத்தைப் பார்த்துப் பந்தயத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கிலாந்துக் காடுகளில் பிராக்கன் என்ற பெரணி வசந்த காலத்தில் முளைத்து, ஜூலைக்குள் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிடும். இலையுதிர் காலத்தில் பழுப்பாகிச் சாய்ந்து, குளிரில் தரையோடு படிந்துவிடும். அதனால்தான் காட்டுப் பந்தயங்கள் பெரும்பாலும் செப்டம்பர் முதல் மே வரை நடக்கின்றன.

முதல் முறை போகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும் பந்தயத்தைப் பிடியுங்கள். குளிரும் சேறும் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தூரம் தெரியும். செப்டம்பரில் பிராக்கன் இன்னும் நின்றுகொண்டிருக்கும். வரைபடத்தில் உள்ள சிறு குழியும் மேடும் அதற்குள் மறைந்து கிடக்கும்.

பிளாக்பெர்ரி முட்கொடிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது குளிர்காலத்திலும் அசையாமல் நிற்கும். கோர்ஸ் முட்புதரும் ஹாலி மரக்கூட்டமும் ரோடோடென்ட்ரான் அடர்புதரும் அப்படியே. ஆகவே எந்த மாதமானாலும் அடுத்து வரும் படிகள் தேவை.

2. உங்கள் தகுதிக்கு ஒரு படி கீழே உள்ள தடத்தில் பெயர் கொடுங்கள்

தடம் என்பது நீங்கள் தொட வேண்டிய கன்ட்ரோல்களின் வரிசை. பிரிட்டனில் தடங்களுக்கு நிறப் பெயர்கள் உண்டு. வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, இளம்பச்சை, பச்சை, நீலம், பழுப்பு என்று ஏறிக்கொண்டே போகும். வழிகாணும் கடினம் 1 முதல் 5 வரை. வெள்ளை 1, மஞ்சள் 2, ஆரஞ்சு 3, இளம்பச்சை 4. பச்சையும் அதற்கு மேல் உள்ளவையும் 5தான். அவற்றுக்குள் நீளம் மட்டுமே கூடும்.

அடிக்கடி நடக்கும் தவறு இதில்தான். மாரத்தான் ஓடியவர் ஒருவர் பச்சைத் தடத்தின் நீளத்தைப் பார்ப்பார். நாலைந்து கிலோமீட்டர்தானே என்று பெயர் கொடுத்துவிடுவார். அந்தத் தூரம் கன்ட்ரோல்களுக்கு இடையே பறவை பறக்கும் நேர்கோட்டில் அளந்தது. அவர் ஓடப்போவது அதைவிடக் கூடுதல், அதுவும் பாதையில்லாத இடத்தில்.

பூங்காவில் ஆரஞ்சு சுலபமாக இருந்தது என்றால், காட்டிலும் முதலில் ஆரஞ்சே ஓடுங்கள். ஆரஞ்சில் கன்ட்ரோல்கள் பாதைக்குச் சற்று உள்ளே தள்ளி இருக்கும். வழி தவறினாலும் பிடித்துக்கொள்ள ஒரு பாதையோ வேலியோ அருகில் இருக்கும். இளம்பச்சையில் அந்த ஆதரவு குறையத் தொடங்கும். பச்சையில் கிட்டத்தட்ட கிடையாது.

3. உடுப்பும் கருவிகளும்

முழங்காலுக்குக் கீழே தோல் தெரியக் கூடாது. லேசான நைலான் முழுக்கால்சட்டை, அதன்மேல் முழங்கால்வரை வரும் கெய்ட்டர் என்ற தடித்த கால்மூடி. சாதாரண ஓட்டக் கால்சட்டையின் பின்னலில் முள் மாட்டி இழுக்கும். வழுவழுப்பான நைலானில் முள் வழுக்கிக்கொண்டு போகும். முழுக்கைச் சட்டையும் வேண்டும். கையை முன்னால் நீட்டிப் புதரை விலக்கப்போகிறீர்கள்.

காலணியின் அடிப்பாகத்தில் ஆழமான ரப்பர்ப் பற்கள் இருக்க வேண்டும். இலைச்சருகு மூடிய ஈரச் சரிவிலும், விழுந்து கிடக்கும் மரத்தின் மேலும் சாதாரண ஓட்டக் காலணி நிற்காது. தொடர்ந்து ஓடப்போகிறீர்கள் என்றால் உலோக முனை பதித்த ஓரியன்டீரிங் காலணி வாங்கலாம். முதல் பந்தயத்துக்கு அவசியமில்லை.

கட்டைவிரலில் மாட்டும் காம்பஸ் வாங்குங்கள். ஒரே கையில் வரைபடமும் காம்பஸும் இருக்கும், இன்னொரு கை முகத்துக்கு முன்னால் வரும் கிளையைத் தடுக்க மீதமிருக்கும். மலையேறிகள் பயன்படுத்தும் தட்டுக் காம்பஸும் வேலை செய்யும். ஆனால் கோணம் அளந்து வட்டத்தைத் திருப்பிக்கொண்டிருக்கக் காட்டில் நேரமிருக்காது.

விசில் கட்டாயம். பல பந்தயங்களில் விசில் இல்லாதவரைத் தொடக்கக் கோட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது சரிதான். ஒரு நிமிடத்தில் 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் 6 முறை ஊதுவது ஆபத்துக்கான அழைப்பு. அந்தச் சத்தம் கேட்டால் பந்தயத்தை விட்டுவிட்டு உதவிக்குப் போக வேண்டும் என்பது விதி.

கண்ணுக்கு ஒரு ஒளிபுகும் பாதுகாப்புக் கண்ணாடி. புதியவர்கள் இதை வேண்டாம் என்று ஒதுக்குகிறார்கள். தாழ்ந்த கிளையின் நுனி கண்ணில் பட ஒரு நொடி போதும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போனை நீர்புகாப் பையில் போட்டு அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வழி பார்க்க எடுக்கக் கூடாது. ஜிபிஎஸ் கடிகாரமும் அப்படித்தான். ஓடிய தடத்தைப் பதிவு செய்யலாம், அதைப் பார்த்து வழி கண்டுபிடிக்கக் கூடாது.

4. பந்தயத்துக்கு முன்பே பச்சையைப் படிக்கப் பழகுங்கள்

பள்ளிப் புவியியலில் பச்சை என்றால் காடு. ஓரியன்டீரிங் வரைபடத்தில் அப்படியில்லை. தாராளமாக ஓடக்கூடிய காடு வெள்ளையாக இருக்கும். பச்சை, ஓட்டத்தைத் தடுக்கும் அடர்த்தியைக் காட்டுகிறது. இது புத்தியில் மட்டும் ஏறினால் போதாது, கண் பழக வேண்டும். கிளப்பின் பழைய வரைபடம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் பாருங்கள்.

பச்சையில் மூன்று அளவு உண்டு. இளம்பச்சையில் வழக்கமான வேகத்தில் 60 முதல் 80 சதவீதம் கிடைக்கும். நடுப்பச்சையில் 20 முதல் 60 சதவீதம், அதாவது நடைதான். கரும்பச்சையில் 20 சதவீதத்துக்கும் கீழே. உடம்பால் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

இவை தவிரப் பச்சை நிற நெடுக்குக் கோடுகள் உண்டு. மேலே மரங்களுக்கிடையே பார்வை தெளிவாக இருக்கும், கீழே கால் மாட்டும் என்று அதற்குப் பொருள். முட்கொடி, பிராக்கன், வெட்டிப்போட்ட கிளைகள் எல்லாம் இதில் அடங்கும். கோடுகள் இடைவெளி விட்டிருந்தால் மெதுவாக ஓடலாம், நெருங்கியிருந்தால் நடைதான். தூரத்துக் கன்ட்ரோல் கண்ணுக்குத் தெரியும், போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கும். புதியவர்கள் இந்தக் கோடுகளைக் கவனிப்பதே இல்லை.

மஞ்சள் திறந்தவெளி. வெளிர்மஞ்சள் என்றால் கரடான திறந்தவெளி: உயரப் புல், ஹெதர் செடி, மரம் வெட்டிய இடம். இந்த வெளிர்மஞ்சளை நம்பும்முன் வரைபடத்தின் ஓரத்தில், எந்த ஆண்டு கள ஆய்வு நடந்தது என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். மரம் வெட்டிய நிலம் சும்மா இருப்பதில்லை. சில ஆண்டுகளில் பிர்ச் கன்றும் முட்கொடியும் முளைத்து, பத்தாண்டில் நுழைய முடியாத அடர்புதராகிவிடும். பழைய வரைபடத்தில் வெளிர்மஞ்சளாகத் தெரியும் இடம் இன்று காட்டிலேயே மோசமான இடமாக இருக்கக்கூடும். இதற்கு நேர்மாறாக, பழைய கரும்பச்சைத் தோப்பில் மரங்களைக் கழித்திருந்தால் உள்ளே நடக்க வழி கிடைக்கும்.

பழுப்புக் கோடுகள் சம உயரக் கோடுகள். பெரும்பாலும் 5 மீட்டர் இடைவெளி. காட்டில் செடிகொடி மாறும், பாதை மறையும், நிலத்தின் மேடுபள்ளம் மாறாது. சந்தேகம் வந்தால் பழுப்பை நம்புங்கள், பச்சையைச் சந்தேகப்படுங்கள்.

தனியார் வீடும் தோட்டமும் உள்ள ஆலிவ் பச்சையில் காலே வைக்கக் கூடாது. ஊதாக் கோடுபோட்ட பகுதியும் தடை செய்யப்பட்டது. குறுக்கு வழி என்று உள்ளே போனால் தகுதி நீக்கம் மட்டுமில்லை. நிலத்தின் சொந்தக்காரர் அடுத்த ஆண்டு கிளப்புக்குக் காட்டைத் தராமலே போகலாம்.

5. உங்கள் அடிக்கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே காலை எண்ணிக்கொண்டு 100 மீட்டர் போக எத்தனை அடி ஆகிறது என்று அளந்து வையுங்கள். நல்ல பாதையில் ஓடினால் பெரும்பாலானவர்களுக்கு 40ஐ ஒட்டி வரும். பாதையில்லாத காட்டில் அதே 100 மீட்டருக்கு 50, 60 ஆகும். நடுப்பச்சைக்குள் இன்னும் கூடும்.

ஆகவே ஒரே எண் போதாது. பாதைக்கு ஒன்று, வெள்ளைக் காட்டுக்கு ஒன்று, புதருக்கு ஒன்று என்று மூன்று எண்களை மனப்பாடம் செய்யுங்கள். புதருக்குள் மனம் தூரத்தை மிகைப்படுத்திக் காட்டும். 60 மீட்டர் போனதும் 150 மீட்டர் வந்துவிட்டதாகத் தோன்றி, பலர் கன்ட்ரோலை எட்டும் முன்பே தேட ஆரம்பிக்கிறார்கள். அந்த மயக்கத்துக்கு மருந்து எண்ணிக்கை ஒன்றுதான்.

வரைபட அளவையும் பாருங்கள். 1:10000 என்றால் 1 சென்டிமீட்டர் 100 மீட்டர். 1:7500 என்றால் 75 மீட்டர். போன பந்தயத்து அளவை மனதில் வைத்துக்கொண்டு ஓடினால் கன்ட்ரோல்களைத் தாண்டிப் போவீர்கள், அல்லது எட்டும் முன்பே நின்றுவிடுவீர்கள்.

6. பதிவு மேசையிலிருந்து தொடக்கக் கோடு வரை

உங்கள் தொடக்க நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பதிவு மேசைக்கும், அங்கிருந்து தொடக்கத்துக்கும் நடை இருக்கும். சில இடங்களில் அதுவே ஒரு கிலோமீட்டர்.

விரலில் மாட்டும் எஸ்ஐ (ஸ்போர்ட்ஐடென்ட்) கார்டை வாடகைக்கு வாங்குங்கள். கிளப்காரர்கள் அதை டிப்பர் என்பார்கள். ஒவ்வொரு கன்ட்ரோலிலும் உள்ள பெட்டியில் அதன் முனையை நுழைத்தால் நேரம் பதியும். தனியாக வந்திருந்தால் மேசையில் சொல்லிவிடுங்கள். நீங்கள் திரும்பாவிட்டால் கேட்க ஆள் வேண்டும். தடங்கள் மூடும் நேரம் என்ன என்று கேட்டுக் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோல் விவரச் சீட்டு தனியாகக் கிடைத்தால் எடுத்து முன்கையில் மாட்டுங்கள். அதில் ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் வரிசை எண், பெட்டியின் குறியீட்டு எண், அது இருக்கும் அடையாளம், அந்த அடையாளத்தின் எந்தப் பக்கம் என்பதெல்லாம் இருக்கும். குறியீட்டு எண்கள் 31இலிருந்து தொடங்கும். எளிய தடங்களில் சொற்களாகவே எழுதியிருப்பார்கள். மேலே போகப் போகக் குறிகள் மட்டும். குழி, சிறு மேடு, மண் வரப்பு, ஓடைப் பள்ளம், புதர்க்கூட்டம் ஆகிய குறிகளையாவது முன்பே படித்துவிட்டு வாருங்கள்.

தொடக்கத்தில் முதலில் பழைய பதிவுகளை அழிக்கும் பெட்டி, அடுத்து சோதிக்கும் பெட்டி. அழிக்கும் பெட்டியில் சத்தம் வரும்வரை டிப்பரை எடுக்காதீர்கள். அவசரத்தில் இழுத்தால் முந்தைய ஆளின் பதிவு அதிலேயே இருக்கும்.

7. வரைபடம் கைக்கு வந்த முதல் நிமிடம்

தொடக்கப் பெட்டியைத் தொட்டதும் கடிகாரம் ஓடும். எல்லோரும் ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள்.

முதலில், எடுத்தது உங்கள் தடத்தின் வரைபடம்தானா என்று பாருங்கள். அடுத்து வரைபடத்தின் வடக்குக் கோடுகளைக் காம்பஸ் முள்ளோடு பொருத்துங்கள். பிறகு ஊதா முக்கோணத்தைக் கண்டுபிடியுங்கள். வழித்தேடல் தொடங்குவது அந்த முக்கோணத்தில்தான். பல பந்தயங்களில் தொடக்கப் பெட்டியிலிருந்து அதுவரை நாடா கட்டி வழி காட்டியிருப்பார்கள். இதைக் கவனிக்காதவர்கள் பெட்டி இருக்கும் இடத்தையே முக்கோணம் என்று எடுத்துக்கொண்டு, முதல் கட்டத்திலேயே ஐம்பது மீட்டர் பிசகி நிற்கிறார்கள். (ஒரு கன்ட்ரோலிலிருந்து அடுத்ததுவரை ஒரு கட்டம்.)

முக்கோணத்தில் நின்று, முதல் கன்ட்ரோலுக்கான முழுத் திட்டத்தையும் போட்ட பின் நகருங்கள். இதற்கு 20, 30 நொடி ஆகும். முதல் கன்ட்ரோலைத் தவறவிட்டால் பத்து நிமிடம் போகும். கூடவே அன்றைக்கு வரைபடத்தின்மேல் இருந்த நம்பிக்கையும் போகும்.

வரைபடத்தை இப்போதைய கட்டம் மட்டும் தெரியும்படி மடித்து, நீங்கள் நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வையுங்கள். நகர நகர விரலையும் நகர்த்துங்கள். புதரை விலக்கிவிட்டு மீண்டும் பார்க்கும்போது கண் தேடி அலையாது.

8. ஒவ்வொரு கட்டத்தையும் பின்னாலிருந்து திட்டமிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

புதியவர் நிற்கும் இடத்திலிருந்து ஊதாக் கோட்டைப் பார்த்து, அது காட்டும் திசையில் நடக்கத் தொடங்குவார். ஊதாக் கோடு கன்ட்ரோல்களின் வரிசையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அது வழி இல்லை. புதர்க் காட்டில் அந்தக் கோட்டின்மேல் போவது பெரும்பாலும் தவறான முடிவு.

திட்டம் போடும் வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் வரைபடத்தில் கன்ட்ரோலைக் குறிக்கும் வட்டத்தின் நடுவைப் பாருங்கள். அது எந்த அடையாளத்தில் இருக்கிறது, அதைச் சுற்றி எந்தப் பக்கம் வெள்ளை, எந்தப் பக்கம் பச்சை? வெள்ளை இருக்கும் பக்கம்தான் நீங்கள் நுழைய வேண்டிய வாசல்.

அடுத்து, அந்த வாசலுக்கு அருகில் சந்தேகமில்லாமல் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு இடத்தைத் தேடுங்கள்: பாதைகள் சந்திக்கும் முனை, வேலி திரும்பும் மூலை, ஓடையைப் பாதை கடக்கும் இடம். இதை அட்டாக் பாயின்ட் என்பார்கள். கன்ட்ரோலிலிருந்து 150 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. புதர் அடர்ந்திருந்தால் 80 மீட்டருக்குள்.

மூன்றாவதாகத்தான் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அந்த அட்டாக் பாயின்டுக்கு எப்படிப் போவது என்று யோசிக்க வேண்டும். இதற்கு நீளமான, பிசகாத கோடுகளைப் பிடியுங்கள்: பாதை, மண் வரப்பு, ஓடை, மரங்களுக்கிடையே நேராக வெட்டிய சந்து. கரும்புள்ளிகளால் குறித்த செடிகொடி எல்லையும் உதவும். பைன் தோப்பு முடிந்து ஓக் தொடங்கும் இடம் தரையில் தெளிவாகத் தெரியும்.

கடைசியாக, கன்ட்ரோலுக்கு அப்பால் எது உங்களைத் தடுத்து நிறுத்தும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதை, ஒரு சரிவு, ஒரு வேலி. அதைத் தொட்டுவிட்டால் தாண்டி வந்துவிட்டோம் என்று பொருள்.

பின்னாலிருந்து போடுவதற்குக் காரணம் இதுதான். கட்டத்தின் கடினமான பகுதி கடைசி 100 மீட்டர். முன்னாலிருந்து திட்டமிட்டால் சுலபமான பகுதிக்கு வசதியாக வழி போட்டுக்கொண்டு, கடைசியில் கரும்பச்சையின் தவறான பக்கத்தில் போய் நிற்பீர்கள்.

நேரக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் மனம் ஒப்புக்கொள்ளும். பாதையில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம், வெள்ளைக் காட்டில் 9 நிமிடம் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நடுப்பச்சையில் 40 சதவீத வேகம் என்றால் கிலோமீட்டருக்கு 22 நிமிடத்துக்கும் மேல். நேர்கோடு 500 மீட்டர். அதில் 300 மீட்டர் நடுப்பச்சை, 200 மீட்டர் வெள்ளை. ஏறக்குறைய எட்டரை நிமிடம். சுற்றிப் போகும் பாதை 800 மீட்டர், அங்கிருந்து வெள்ளைக் காட்டில் 120 மீட்டர். மொத்தம் 920 மீட்டர், ஆனால் ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தவிர, பாதையில் போகிறவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது ஒவ்வொரு நொடியும் தெரியும்.

ஏற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் ஏற்றத்தை, சமதளத்தில் 80 முதல் 100 மீட்டர் கூடுதலாக ஓடுவதற்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளலாம். சுற்று வழி இரண்டு கோடு இறங்கி மறுபடி இரண்டு கோடு ஏறினால் அதன் லாபம் குறையும்.

9. புதருக்குள் போய்த்தான் ஆக வேண்டுமென்றால்

சில கன்ட்ரோல்களை வேண்டுமென்றே புதருக்குள் வைத்திருப்பார்கள். அப்போது நுழையும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை.

புதரின் விளிம்பில் முட்கொடி மிக அடர்த்தியாக இருக்கும், வெயில் படும் இடம் அது. விளிம்போடு பத்து இருபது மீட்டர் நடந்து பாருங்கள். மான் போன தடமோ, மரநிழல் விழுந்து கொடி மெலிந்த இடமோ கிடைக்கும். அங்கே நுழையுங்கள். நுழையும் முன் காம்பஸில் திசை எடுத்து, எண்ணிக்கையைத் தொடங்குங்கள். உள்ளே போன பிறகு எடுக்கும் திசை பயன்படாது. எந்தப் புள்ளியிலிருந்து எடுத்தோம் என்று தெரியாது.

உள்ளே நேர்கோட்டில் போக முடியாது. முன்னால் தெரியும் ஒரு மரத்தைக் குறிவைத்து, அதுவரை கால் போகிற வழியில் போங்கள். மரத்தை அடைந்ததும் மீண்டும் காம்பஸ் பார்த்து அடுத்த மரம். ஒருமுறை இடப்பக்கம் விலகினால் அடுத்த முறை வலப்பக்கம் விலகுங்கள். தொடர்ந்து ஒரே பக்கம் விலகிக்கொண்டே போவதால்தான் பலர் கன்ட்ரோலுக்கு 40 மீட்டர் தள்ளிப் போய் வெளியே வருகிறார்கள்.

முட்கொடியில் காலை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முழங்காலை உயர்த்தி, கொடியின்மேல் பாதத்தை வைத்து மிதித்துப் போங்கள். சரிவில் இறங்கும்போது இது இன்னும் முக்கியம். கணுக்காலில் கொடி மாட்டினால் முகம் குப்புற விழுவீர்கள்.

உங்களுக்கு முன்னால் போனவர்கள் மிதித்த தடம் இருக்கும். அதில் போனால் வேகம் கிடைக்கும். ஆனால் அது உங்கள் திசையில் போகும்வரை மட்டுமே பயன்படுத்துங்கள். பல நிறத் தடங்கள் ஒரே காட்டில் குறுக்கிடுகின்றன. நன்றாக மிதிபட்ட தடம் நீலத் தடத்துக்காரர்களின் கன்ட்ரோலுக்குப் போவதாக இருக்கலாம்.

ஓடை, பாதை போன்ற நீளமான அடையாளத்தின்மேல் கன்ட்ரோல் இருந்தால், அதை நேராகக் குறிவைக்காதீர்கள். வேண்டுமென்றே 30 மீட்டர் ஒரு பக்கம் தள்ளிக் குறிவையுங்கள். ஓடையை எட்டியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்திருக்கும். நேராகக் குறிவைத்துக் கன்ட்ரோல் தெரியாமல் போனால், மேலே போவதா கீழே போவதா என்ற குழப்பத்தில் இரண்டு பக்கமும் அலைவீர்கள்.

10. வட்டத்துக்குள் வந்ததும் வேகத்தைக் குறையுங்கள்

அட்டாக் பாயின்டில் நின்று விவரச் சீட்டைப் பாருங்கள். துணியைத் தேடாதீர்கள், அடையாளத்தைத் தேடுங்கள். குழியின் வடக்குப் பக்கம் என்றால், முதலில் குழி. துணி 30 சென்டிமீட்டர் சதுரம். ஒரு ஹாலி மரம் போதும் அதை மறைக்க. குழியை மறைப்பது அவ்வளவு சுலபமில்லை.

எட்டியதும் குறியீட்டு எண்ணைச் சரிபார்த்த பிறகு டிப்பரை நுழையுங்கள். சத்தமோ வெளிச்சமோ வந்ததை உறுதி செய்யுங்கள். இரண்டும் வராவிட்டால், அங்கே தொங்கும் ஊசித் துளைப்பானால் வரைபடத்தின் ஓரத்தில் குத்திக்கொண்டு போய், டிப்பரின் பதிவைக் கணினியில் இறக்கும் டவுன்லோடு கூடாரத்தில் காட்டுங்கள்.

நான்காவதைத் தவறவிட்டு ஐந்தாவதைத் தொட்டுவிட்டது தெரிந்தால், திரும்பிப் போய் நான்கைத் தொட்டு, மறுபடியும் ஐந்தைத் தொட்டுவிட்டுத் தொடருங்கள். கூடுதல் பதிவு ஒரு குற்றமில்லை. வரிசை விடுபடுவதுதான் தகுதி நீக்கம்.

அடுத்த கட்டத்தின் திட்டத்தைக் கன்ட்ரோலின் பக்கத்தில் நின்று போடாதீர்கள். பின்னால் வருபவருக்கு நீங்களே அடையாளமாகிவிடுவீர்கள். ஏற்கெனவே பாதையில் ஓடும்போது அடுத்த கட்டத்தைப் பார்த்து வையுங்கள். அந்த நேரத்தில் கால் தானாக ஓடும், கண்ணுக்கு வேலையில்லை.

11. வழி தவறினால்

எண்ணிக்கை தீர்ந்தும் அடையாளம் வரவில்லையென்றால் உடனே நில்லுங்கள். இன்னும் பத்து மீட்டர் பார்ப்போம் என்று போவதுதான் சின்னத் தவறைப் பெரிதாக்குகிறது.

வரைபடத்தை வடக்கோடு பொருத்துங்கள். கடைசியாக உறுதியாக இருந்த இடம் எது, அங்கிருந்து எந்தத் திசையில் எவ்வளவு வந்தோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு நிலத்தைப் பார்த்து வரைபடத்தில் தேடுங்கள். வரைபடத்தைப் பார்த்து நிலத்தில் தேடினால், மனம் விரும்பியதையே கண் காட்டும். எந்தப் பள்ளத்தைப் பார்த்தாலும் நமது பள்ளமாகத் தோன்றும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு ஓடைப் பள்ளங்கள் இருக்கும் சரிவுகளில் இதில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். பள்ளத்தின் அடியில் காம்பஸை வைத்து அது எந்தத் திசையில் இறங்குகிறது என்று ஒப்பிட்டால் பெரும்பாலும் தெளிவு கிடைக்கும்.

அப்படியும் தெரியவில்லையா? புதருக்குள் வட்டமடிக்காமல் அட்டாக் பாயின்டுக்குத் திரும்புங்கள். அதுவும் முடியாவிட்டால் காம்பஸ் பார்த்து, திட்டத்தில் குறித்து வைத்த தடுப்பு அடையாளம் வரை ஒரே திசையில் போங்கள். நாலு நிமிடம் போகும். வட்டமடித்தால் அரைமணி போகும்.

காட்டில் எதிர்ப்படுபவரிடம் கேட்பது புதியவர்களின் பழக்கம். அவசரமென்றால் கேளுங்கள். மற்றபடி அது விதிப்படி கூடாது. அவர் தன் வரைபடத்தில் காட்டும் இடமும் சரியாக இருக்கும் என்ற உறுதியில்லை.

12. முடிவுப் பெட்டியும் டவுன்லோடும்

இரட்டை வட்டம் முடிவிடம். பெட்டியைத் தொட்டதும் நேரம் நிற்கும். உட்காரும் முன் டவுன்லோடு கூடாரத்துக்குப் போங்கள்.

பாதியில் விட்டுவிட்டு வந்தாலும் டவுன்லோடு செய்தே ஆக வேண்டும். இதில் விதிவிலக்கு இல்லை. யார் இன்னும் காட்டில் இருக்கிறார்கள் என்பதை அந்தக் கணினிதான் சொல்லும். சொல்லாமல் வீட்டுக்குப் போனவரைத் தேடி, தன்னார்வலர்கள் இருட்டில் அதே முட்புதருக்குள் நடக்க வேண்டியிருக்கும். தடம் மூடும் நேரம் நெருங்கிவிட்டால், எத்தனை கன்ட்ரோல் மீதியிருந்தாலும் பாதையைப் பிடித்து முடிவிடத்துக்கு வந்துவிடுங்கள்.

13. அன்று மாலை

குளிக்கும்போது உண்ணி பாருங்கள். முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி. பிராக்கனிலும் உயரப் புல்லிலும் மான் நடமாடும் இடங்களிலும் உண்ணி இருக்கும். சிலவற்றில் லைம் நோயின் கிருமி உண்டு. மெல்லிய நுனியுள்ள சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நிதானமாக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவதும் சூடு வைப்பதும் வேண்டாம். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகப் பரவும் தடிப்பு பெரும்பாலும் 1 முதல் 4 வாரத்துக்குள் வரும். சிலருக்கு 3 மாதம்வரை ஆகலாம். வந்தால் மருத்துவரிடம் காட்டி, காட்டில் ஓடியதைச் சொல்லுங்கள். தேதியைக் குறித்து வைத்திருப்பது உதவும்.

முள் ஏறியிருந்தால் அன்றே எடுத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரல் மூட்டில் தங்கிவிட்ட முள் பிறகு வீங்கித் தொந்தரவு தரும். டெட்டனஸ் ஊசி நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு வரைபடத்தை விரித்து, போன வழியைப் பேனாவால் வரையுங்கள். கடிகாரத்தின் பதிவைப் பார்க்கும் முன் நினைவிலிருந்து வரைய வேண்டும். எந்த இடத்தில் பேனா தயங்குகிறதோ அங்கே நீங்கள் வரைபடத்தோடு தொடர்பில்லாமல் ஓடியிருக்கிறீர்கள். அதன்பின் கிளப் வெளியிடும் கட்டவாரியான நேரப் பட்டியலை எடுத்து, உங்களுக்கு மிக அதிகமாக நேரம் போன இரண்டு கட்டங்களை மட்டும் பாருங்கள். அந்த இரண்டிலும் எந்த அட்டாக் பாயின்டைப் பயன்படுத்தினீர்கள் என்று ஓரத்தில் எழுதுங்கள். எழுத எதுவும் இல்லையென்றால், அடுத்த பந்தயத்துக்கும் இதே நிறத் தடத்தில் பெயர் கொடுங்கள். எழுத முடிந்து, ஆனால் புதருக்குள் மட்டும்தான் நேரம் போயிருந்தால், ஒரு நிறம் மேலே போகலாம்.